ஏழு குடிச் சட்டியும் ஒரு பிளேனும்

மவுறீனுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யத் தொடங்கும். அடிக்கிற கை அல்ல அது. பக்கத்தில் எது கிடக்கிறதோ அதை எடுத்துத் துடைக்கிற கை. தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்த நாளில், மட்டக்களப்பு வாவிக்கரையில் அவள் பொறுப்பிலிருந்த நூதனசாலையில் துடைபடாத பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒல்லாந்தர் காலத்துப் பீங்கான், துருப்பிடித்த தோணி நங்கூரம், தலையில்லாத நந்தி எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பளபளத்தன.

கடிதம் சுருக்கமானது. சண்டைக்காலத்தில் நூதனசாலைக்கு ஆட்கள் வருவதில்லை. கட்டடம் நீளமான பழைய நெற்கிட்டங்கி என்பதால் நிவாரண அரிசி அடுக்கத் தோதானது. வைகாசி முடிவதற்குள் ஒரு கண்காட்சி வைத்து, இந்த ஊருக்கு நூதனசாலை தேவைதான் என்று காட்டினால் யோசிப்பார்கள். இல்லாவிட்டால் பொருட்கள் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகும், கிட்டங்கிக்கு அரிசி வரும்.

"அரிசி வேணாமெண்டு ஆர் சொன்னது? ஊரில வேற கூரையே இல்லையா?" என்று நங்கூரத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. அதில் பத்தொன்பது வருடம் இந்தக் கிட்டங்கிக்குள்தான் போனது. கலியாணமும் கட்டவில்லை, கனடாவுக்கும் போகவில்லை. அவளுடைய சனத்தில் பாதிப்பேர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். "நீ ஏன்டி போகல்ல?" என்று கேட்டால், "நந்திக்குத் தலை கிடைக்கட்டும், போறன்" என்பாள்.

மவுறீன் பறங்கிப் பெண், ஒல்லாந்தரும் போர்த்துக்கீசரும் விட்டுப்போன வழியில் வந்தவள். தகப்பன் ஹியூபர்ட் பாஸ் பேர்போன கொல்லர். மாட்டுவண்டிப் பட்டையிலிருந்து மாதா கோயில் மணி நாக்கு வரைக்கும் அவர் கை படாத இரும்பு இந்த வாவியைச் சுற்றிக் கிடையாது. அவர் செத்தபின் மகளுக்கு மிஞ்சியது ஒரு அலுமினியக் கோப்பை. அதன் இடுப்பைச் சுற்றி வரிசையாகப் பன்னிரண்டு சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் ஆணித் துளையை அடித்து மூடிய அடையாளம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் குழிகளை எண்ணித்தான் அவள் எண் படித்தாள். "இது பிளேன், மகள். நீ பிளேனில தேத்தண்ணி குடிக்கிறாய்" என்பார் தகப்பன்.

சும்மா சொன்ன கதையல்ல அது. நாற்பத்திரண்டாம் ஆண்டு, ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரன் எங்கள் வானத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த காலம். அவனுடைய விமானம் ஒன்று எஞ்சின் நின்று, வாவிக்கு மேற்கே படுவான்கரையில், இலுப்பையடி வட்டைக்குள் இறங்கியது. அறுவடை முடிந்த வயல்வெளி ஆனதால் ஓட்டுனவன் கால் முறிந்ததோடு தப்பினான். நெல் ஏற்ற வந்திருந்த ஓட்டமாவடி முஹம்மட்டுக் காக்கா அவனை வைக்கோலில் கிடத்தி, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிறகு பட்டாளம் வந்து எஞ்சினையும் சுடுகிற துவக்கையும் கழற்றிக்கொண்டு, தகட்டை "உங்களுக்கே" என்று விட்டுப் போனது. ஊர் என்ன செய்தது? களத்தில் நெல் பங்கு போடுகிறமாதிரி விமானத்தைப் பங்கு போட்டது. ஊரின் ஏழு தாய்வழிக் குடிக்கும் ஏழு பங்கு, வண்டிக்காரருக்கு ஒரு பங்கு, வெட்டித் தட்டிச் சட்டியாக்கிய ஹியூபர்ட் பாஸுக்குக் கூலியாக ஒரு துண்டு.

ஆகாய விமானத்தின் கதை என்று உலகத்து நூதனசாலைகளில் எஞ்சினையும் பதக்கத்தையும் வைத்திருப்பார்கள். அதைக் கண்ட சனம் என்ன செய்தது, என்ன பேசியது என்று எவரும் வைப்பதில்லை. மவுறீன் பத்து வருடமாக அதைத்தான் சேர்த்து வந்தாள். பிளேன் பேர் வரும் தாலாட்டு, பிளேன் படம் போட்ட பாய், பிளேன் விழுந்த வருடத்தை வைத்து வயது சொல்கிற ஆட்கள். இப்போது அந்தச் சட்டிகளையே கூட்டி வைத்து ஒரு கண்காட்சி நடத்துவதென்று முடிவுகட்டினாள்.

முதலில் போய்க் கேட்டது ஆச்சிப்பிள்ளையிடம். அறுபது வயது, வாவி மீன் விற்கிற மனுசி, வாய்க்கு வரிவட்டி கிடையாது.

"உனக்கென்ன விசரா புள்ள? எங்கட தலைக்கு மேல பறக்கிறது காணாதா, நூதனசாலைக்குள்ளயும் பிளேன் வேணுமா? சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள விழுந்து முழங்கால் தேஞ்சு கிடக்கிறம்!"

"மேல பறக்கிறது அவங்கட, பெரியம்மா. கீழ விழுந்து சோறு காய்ச்சினது உங்கட. எது பெரிசெண்டு சனம் வந்து பார்க்கட்டும்."

ஆச்சிப்பிள்ளை அடுப்படிக்குள் போய், கரி பிடித்த அகன்ற சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "கழுவிக் கொண்டு போ. பின்னேரம் திருப்பித் தந்திரணும். மீன் ஆணம் காய்ச்சிறது இதிலதான்."

அப்படித்தான் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் மவுறீன் தோணியேறி வாவியைக் கடந்து, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, படுவான்கரைக்குப் போவாள். சட்டியைக் கவிழ்த்து, மேலே மெல்லிய தாளைப் போட்டுப் பென்சிலால் தேய்ப்பாள். கரும்புள்ளியாக ஆணித்துளைகள் தாளில் எழும். அந்தத் தாளில் சட்டியின் பேர், குடியின் பேர், யார் வீட்டு அடுப்பு என்று எழுதிக்கொள்வாள். சாவடியில் நின்ற சிப்பாய் ஒருநாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடைந்த தமிழில், "மிஸ், இது என்ன மேப்?" என்று கேட்டான். "சட்டி மேப்" என்றாள். அவன் சிரித்து விட்டுவிட்டான், கடவுள் புண்ணியம்.

சித்திரை கழிந்து ஒத்திகைக்கு எல்லாரும் சட்டியோடு வந்தார்கள். மவுறீன் நீள மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, நூதனசாலை முறைப்படி இலக்கத் துண்டு கட்டினாள். முதலில் கிடைத்தது ஆச்சிப்பிள்ளையின் சட்டி, அதற்கு ஒன்று. நாலாவதாகக் கிடைத்தது கந்தப்போடியின் சட்டி, அதற்கு நாலு.

அங்கேதான் பிடித்தது சனி. கந்தப்போடி கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர். எழுபது வயதிலும் சால்வை மடிப்புக் கலையாத மனுசன். எங்கள் கோயில்களில் திருவிழா முடிவில் தாய்வழிக் குடிகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மரியாதையாக ஒரு முட்டிப் பானை கொடுப்பார்கள். எந்தக் குடி முதல், எந்தக் குடி பிறகு என்ற வரிசை கல்லில் வெட்டினமாதிரி. அதைப் பிசகவிட்டுத் தலை உடைந்த திருவிழாக்கள் உண்டு. இலுப்பையடியில் முதல் முட்டி கந்தப்போடி குடிக்கு. இது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எந்தக் குடியிலும் சேராத பறங்கி வீட்டில் பிறந்த மவுறீனுக்கு, தெரிந்திருந்தும் அந்த நேரம் புத்தியில் தட்டவில்லை.

"என்ட சட்டியில நாலெண்டு கட்டினது ஆரு?"

"அது கிடைச்ச வரிசை, போடியார். வேற ஒண்டுமில்ல…"

"எங்கட குடி எப்ப நாலாங் குடியானது, மிஸ்? ஆச்சிப்புள்ளைக்கு ஒண்டு, எனக்கு நாலோ?"

ஆச்சிப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் ஆச்சிப்பிள்ளை இல்லையே. "கோயில்லதான் போடியாருக்கு முதல் முட்டி. நூதனசாலையில எனக்குத்தான். எழுதியே கட்டியிரிக்கி, பாருங்க!"

கந்தப்போடி சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சால்வையை உதறித் தோளில் போட்டு, படியிறங்கினார். அவர் பின்னால் மூன்று குடி. அவர்கள் போனபிறகு நாங்கள் மட்டும் ஏன் என்று ஆச்சிப்பிள்ளை உட்பட மற்ற மூன்று குடி. கால் மணித்தியாலத்தில் மேசையில் வெள்ளைத்துணி மட்டும் கிடந்தது. கண்காட்சிக்குப் பத்து நாள். மவுறீன் நந்தியைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே அழுதாள், சொல்லத்தானே வேண்டும்.

மறுநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. சட்டிகள் போனாலும் தாள்கள் இருந்தன. கிட்டங்கித் தரையில் அவற்றைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வரிசைக்கு என்ன மாற்று? எழுத்து வரிசை போட்டால் எழுத்துச் சண்டை. வயது வரிசை போட்டால் வயதுச் சண்டை. வெறுத்துப்போய்த் தாள்களை அள்ளப் போனவளின் கை நின்றது. கந்தப்போடி சட்டித் தாளின் ஓரத்தில் இரட்டைப் புள்ளிவரிசை ஒன்று ஓடி வெட்டுப்பட்டு நின்றது. அதே இடைவெளியில், அதே இரட்டை வரிசை, ஆச்சிப்பிள்ளை சட்டித் தாளின் ஓரத்தில் தொடங்கியது. இரண்டையும் ஒட்டி வைத்தாள். கோடு முறியாமல் நேரே ஓடியது.

"அட யேசுவே!" என்றாள் வாய்விட்டு. குடி வரிசையில் ஒத்துப்போகாத அந்த இரண்டு சட்டியும் ஒரே இறக்கையின் ஒரே தகடு!

அன்று மத்தியானச் சாப்பாட்டை அவள் மறந்தாள். தாள் ஓரமெல்லாம் புள்ளிக்குப் புள்ளி பொருத்தினாள். நெருக்கமான ஆணி இறக்கையின் அடி, ஐதான ஆணி இறக்கையின் நுனி, வளைந்த வரிசை வயிற்றுப்பக்கம். பொழுது சாய்வதற்குள் தரையில் ஒரு விமானம் படுத்துக் கிடந்தது. மூக்கு மட்டும் இல்லை, அதைத்தான் பட்டாளம் எஞ்சினோடு கொண்டுபோய்விட்டதே. வாலும் இல்லை, அது வண்டிக்காரர் பங்காக ஓட்டமாவடியில். ஓட்டுனவன் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை.

மேசையைத் தூக்கி மூலையில் போட்டாள். இலக்கத் துண்டுகளைக் கிழித்தாள். அடுத்த நாள் இரண்டு தாள்களோடு கந்தப்போடி வீட்டு வாசலில் நின்றாள்.

மனுசன் மூக்குக்கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார். "அவள்ட சட்டியும் என்ட சட்டியும் ஒரு தகடோ? இரிக்காது. நான் நம்பமாட்டன்."

"நம்ப வேணாம் போடியார். சட்டியக் கொண்டு வந்து வச்சுப் பாருங்க. பொருந்தல்லையெண்டா நான் கிட்டங்கியப் பூட்டிச் சாவிய உங்கட கையில தாறன்."

"வாறன். பொய்யெண்டு காட்டத்தான் வாறன்!"

ஆச்சிப்பிள்ளையிடம் போய், போடியார் வருகிறார் என்று மட்டும் சொன்னாள். "அந்த மனுசன் தனிய வந்து என்னத்தையும் புழுகிற்றுப் போறதுக்கோ? நானும் வாறன்" என்றாள் அவள். இரண்டு பேர் போகிறார்கள் என்றதும் மற்ற ஐந்து குடிக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வீம்புதான் கெடுத்தது, வீம்புதான் கூட்டியும் வந்தது.

கண்காட்சி நாள் காலை, விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பால் கிட்டங்கித் தரையில் விமானம் வரைந்திருந்தது, அச்சொட்டாக அதன் உண்மையான அளவில். தலைமை அலுவலகத்திலிருந்து நல்லரத்தினம் வந்திருந்தார். வெள்ளைச் சேர்ட், கையில் கடதாசிக் கோவை, சிரிப்புக்கு விடுமுறை கொடுத்த முகம். சனம் வாசல் வரைக்கும் நெரிந்து நின்றது. இந்தச் சண்டையில் எப்படியும் யாராவது ஒருவர் தோற்கப்போகிறார் என்று பார்க்க வந்தவர்கள்தான் பாதி.

கந்தப்போடி தன் சட்டியை இடது இறக்கையில் வைத்தார். ஆச்சிப்பிள்ளை தன்னுடையதைக் கிட்டக் கொண்டுபோய் வைத்தாள். இரட்டை வரிசைக் குழிகள் ஒரு சட்டியிலிருந்து மற்றச் சட்டிக்கு வழுக்கிக்கொண்டு ஓடின. கந்தப்போடி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். ஒருதரம், இன்னொருதரம்.

"சரிதான்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு செலவானது என்று அவருக்குத்தான் தெரியும். உடனே நிமிர்ந்து, "ஆனா முன்னுக்கு நிக்கிறது ஆரு?" என்றார்.

"மூக்கு, போடியார். அத வெள்ளைக்காரன் கொண்டுபோயிற்றான்" என்றாள் மவுறீன்.

கிட்டங்கியே கொல்லென்று சிரித்தது. "முதல் முட்டி இங்கிலாந்துக்குப் போயிற்று!" என்றாள் ஆச்சிப்பிள்ளை. கந்தப்போடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சால்வையால் வாயை மறைத்துக்கொண்டார். ஐந்து குடியும் மளமளவென்று வந்து சட்டி வைத்தன. மூடி, அகப்பை, அரிசி கழுவும் அரிக்கஞ்சட்டி என்று இறக்கையும் வயிறும் நிரம்பின. வால் மட்டும் வெறுங்கோடாகக் கிடந்தது. ஓட்டமாவடிக்கு மவுறீன் இரண்டு கடிதம் போட்டிருந்தாள், பதில் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்ட தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள் நம்பிப் போய்வருவது நின்றுபோயிருந்தது. இரண்டு பக்கமும் பிணம் எடுத்த ஊர்கள். கடிதம் போனதே பெரிய காரியம்.

அந்த நேரம்தான் மேலே பட்டாளத்து ஹெலி வந்தது. தாழப் பறந்து கூரை ஓடுகளை அதிரவைத்துக்கொண்டு போனது. யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை, அத்தனை பேரும் தரையில் குப்புற விழுந்தார்கள். நல்லரத்தினமும் விழுந்தார். சத்தம் தேய்ந்து போனபின் தலைகளைத் தூக்கினால், ஆட்கள் எல்லாரும் சுண்ணாம்புக் கோட்டுக்குள் சட்டிகளுக்கு நடுவே கிடந்தார்கள். ஆச்சிப்பிள்ளை ஒரு கையால் தன் சட்டியையும் மறு கையால் போடியாரின் சட்டியையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மேல போறது போகட்டும்" என்று எழும்பி உடுப்பைத் தட்டினாள். "இஞ்ச இரிக்கிற பிளேன் நம்மட."

வாசலில் ஒரு குரல். "வால் வைக்க இடம் இரிக்கா, மிஸ்?"

முக்காடு போட்ட ஒரு பெண், துணியில் சுற்றிய வட்டமான ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "நான் ஸஹீதா. முஹம்மட் மூத்தாப்பாட பேத்தி. கடிதம் ரெண்டும் கிடைச்சிச்சு. வரவா, விடவா எண்டு யோசிச்சு யோசிச்சு இண்டைக்குக் காலையிலதான் பஸ் ஏறினன்." துணியை அவிழ்த்தாள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய சஹன். "பெருநாளைக்கு இதிலதான் சோறு. எங்கட வீட்டில இத பிளேன் சஹன் எண்டுதான் சொல்றது."

கந்தப்போடிதான் முதலில் நகர்ந்தார். "முஹம்மட்டுக் காக்காட பேத்தியோ நீ? உன்ட மூத்தாப்பாட வண்டியில வெள்ளைக்காரனத் தூக்கி ஏத்தினதில ஒரு கை என்ட கை, மகள். எனக்குப் பதினாறு வயசு. வா, வா, உள்ளுக்கு வா!" என்று சஹனில் ஒரு பக்கம் அவரும் பிடித்தார். வால் கோட்டுக்குள் அது கச்சிதமாக இறங்கியது. அந்தக் கைதட்டலில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. மவுறீனுக்கு அன்று துடைக்க எதுவும் வேண்டியிருக்கவில்லை, கண்ணைத் தவிர.

வாசற்புத்தகத்தில் அறுநூற்றுப் பத்துப்பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மணியானதும் எல்லாரும் சட்டியைத் தேடினார்கள். நாலு மணிக்குத் தோணித் துறையை மூடிவிடுவார்கள், இராச் சோற்றுக்குச் சட்டி வேண்டும். நல்லரத்தினம் கோவையைத் திறந்தார்.

"மிஸ், கண்காட்சி அருமை. பொய் சொல்ல மாட்டன். ஆனா இதெல்லாம் இரவல். இப்ப எல்லாம் வீட்டுக்குப் போயிரும். நாளைக்கு இந்தத் தரையில சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு நூதனசாலை வேணுமெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

அடுப்பில் இருக்கிற சட்டியைத் தா என்று எப்படிக் கேட்பது? பத்து வருடத்தில் ஒருதரமும் மவுறீன் அப்படிக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பது அவள் கொள்கை.

குனிந்து சட்டியை எடுத்த கந்தப்போடி, எடுத்தபடியே கொஞ்சம் நின்றார். பிறகு திரும்ப வைத்தார்.

"இது இஞ்ச கிடக்கட்டும். எழுதுங்க ஐயா. கந்தப்போடி குடி, ஒரு சட்டி, நூதனசாலைக்கு."

"பாத்தீங்களா மனுசன்ட கெட்டித்தனத்த!" ஆச்சிப்பிள்ளை இடுப்பில் கையை வைத்தாள். "அவர்ட சட்டி இஞ்ச இருந்து பேர் எடுக்கும், என்ட சட்டி வீட்ட போய் மீன் ஆணம் காய்ச்சிறதோ? என்டயும் எழுதுங்க! எனக்கு மண்சட்டி இரிக்கி!"

பிறகு நல்லரத்தினத்தின் பேனாவுக்கு ஓய்வில்லை. ஏழு குடியும் முந்திக்கொண்டு எழுதியது. ஸஹீதா சற்று யோசித்து, "பெருநாளைக்கு மட்டும் நாங்க எடுத்துக் கொண்டு போவம், மத்த நாளைக்கு உங்களுக்கு" என்றாள். "அத எடுத்துக் கொண்டுபோகக்குள்ள என்னயும் சோத்துக்குக் கூப்பிடு" என்றார் கந்தப்போடி.

எழுதி முடிந்ததும் அவர் சால்வையை இடுப்பில் கட்டினார், கோயிலில் கட்டுகிறமாதிரி. விமானத்தின் பக்கத்தில் நின்று, முட்டிக்குக் கூப்பிடுகிற அந்தக் குரலில் கூப்பிடத் தொடங்கினார். மனுசன் வாலிலிருந்து தொடங்கினார். "முஹம்மட்டுக் காக்கா குடி!" பிறகு வயிறு, வலது இறக்கை, ஆச்சிப்பிள்ளை குடி, கடைசியாகத் தன் குடி. முடிந்தது என்று சனம் நினைத்தது. அவர் முடிக்கவில்லை. மவுறீன் பக்கம் திரும்பினார்.

"ஹியூபர்ட் பாஸ் குடி!"

மவுறீன் அசையாமல் நின்றாள். நாற்பத்துநாலு வருடம் இந்த ஊரில் எத்தனை திருவிழா பார்த்திருப்பாள், ஓரமாக நின்று. அவள் வீட்டுப் பேரை ஒருவரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட இடமுமில்லை.

"என்னகா மரம் மாதிரி நிக்கிறாய்?" ஆச்சிப்பிள்ளை முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "குடி கூப்பிட்டாப் போகணும். உன்ட கோப்பை எங்க? எங்கட சட்டியெல்லாம் வாங்கி வச்சிட்டு, நீ மட்டும் பிளேனில தேத்தண்ணி குடிக்கவோ?"

மவுறீன் ஓடினாள். அலுவலக மேசையில் அரைவாசி தேத்தண்ணியோடு இருந்த கோப்பையை ஊற்றிக் கழுவிக்கொண்டு வந்தாள். ஓட்டுனவன் இருக்கிற இடத்து ஓட்டையில் வைத்தாள். பன்னிரண்டு குழியும் இரண்டு பக்கத்துத் தகட்டோடும் சேர்ந்து ஓடின. அதற்குமேல் அந்த விமானத்தில் வெள்ளைக்காரன் கொண்டுபோன மூக்கைத் தவிர ஒரு குறையும் இல்லை.

கிட்டங்கிக்கு அரிசி வரவில்லை, அரிசிக்கு வேறு கூரை கிடைத்தது. அன்று பின்னேரம் சனம் போனபின் மவுறீன் கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி ஊற்றி, சூடு தாங்காமல் இரண்டு தரம் கை மாற்றிக் குடித்தாள்.